25 எண்கள், ஒரு முழ தூரம்: வீட்டிலேயே கண்தேடல் பயிற்சி

கைப்பேசியில் ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டு, கீழே இருக்கும் கட்டத்தில் 1-ஐத் தேடுங்கள். கிடைத்ததும் 2. பிறகு 3. இப்படியே 25 வரை. விரல் வைக்க வேண்டாம், எதையும் அடிக்க வேண்டாம். கண் மட்டும்தான் வேலை செய்ய வேண்டும்.

14   3   22   9   17
6   25   11   1   20
19   8   13   24   5
2   16   21   10   12
23   7   18   4   15

பழக்கமில்லாத பெரியவர்களில் பலருக்கு முக்கால் நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை ஆகும். அதைத் தாண்டினாலும் ஒன்றுமில்லை. முதல் தாளின் நேரத்தை வைத்து யாரைப் பற்றியும் எதையும் முடிவுகட்டக் கூடாது, முக்கியமாகப் பிள்ளைகளைப் பற்றி.

இதற்கு ஷுல்ட்டே அட்டவணை என்று பெயர். வால்ட்டர் ஷுல்ட்டே (1910–1972) என்ற ஜெர்மன் மனநல மருத்துவர், நோயாளிகளின் கவனத்தை அளக்கப் பயன்படுத்தியது. பின்னாளில் வேகவாசிப்பு சொல்லிக்கொடுப்பவர்கள் இதைக் கையில் எடுத்து, இல்லாத மகிமையெல்லாம் சேர்த்துவிட்டார்கள். சோதனை என்று எடுத்தாலும் பயிற்சி என்று எடுத்தாலும் தேவைப்படுவது ஒரு தாள், ஒரு கடிகாரம். மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டங்கள் சூழ்ந்த ஊரில், லயத்து வீட்டு மேசையிலும் இதைச் செய்யலாம்.

எது கூடுகிறது, எது கூடாது

ஒரு சின்னக் கணக்கு போட்டால் விஷயம் விளங்கிவிடும். எதையாவது தேடும்போது கண் வழுக்கிக்கொண்டு போவதில்லை. ஒரு விநாடியில் மூன்று நான்கு இடங்களில் நின்று நின்று தாவுகிறது. ஒரு முறை நிற்கும்போது ஒரு கட்டம்தான் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். 25 கட்டத்தில் ஓர் எண்ணைப் பிடிக்கச் சராசரியாக 13 கட்டம் பார்க்க வேண்டும். அதற்கே ஏறக்குறைய நான்கு விநாடி. 25 எண்ணுக்கும் சேர்த்தால் 100 விநாடிக்குக் கிட்ட வரும். ஆனால் பெரும்பாலோர் அதில் பாதி நேரத்தில் முடித்துவிடுகிறார்களே!

காரணம் இரண்டு. கண் ஒரு கட்டத்தில் நிற்கும்போதே பக்கத்துக் கட்டங்களும் அரைகுறையாகத் தெரிகின்றன. அடுத்தது, 4-ஐத் தேடிக் கீழ் வரிசைக்குப் போனபோது அங்கே 7 இருந்தது என்பது மனத்தின் ஓரத்தில் தங்கிவிடுகிறது. பயிற்சியில் கூடுவது இந்த இரண்டும்தான். கூடவே, பார்த்த இடத்துக்கே மறுபடி மறுபடி போகும் வீண் அலைச்சல் குறையும்.

கண்ணாடியின் பவர் குறையாது. எஸ்.பி.எம். பள்ளித் தேர்வில் புள்ளி தானாக ஏறாது. எதில் பழகுகிறோமோ அதிலும் அதற்கு ஒட்டிய வேலைகளிலும்தான் தேர்ச்சி தெரியும். எண் தேடிப் பழகியவருக்குப் பட்டியலில் பெயர் தேடுவது சுலபமாகலாம். சரித்திரப் பாடம் மனப்பாடமாகாது. இதை வைத்துப் பிள்ளைக்குக் கவனக்குறைபாடு இருக்கிறது, இல்லை என்று வீட்டில் தீர்ப்புச் சொல்வதும் தவறு. அது மருத்துவர் பார்க்க வேண்டியது.

தாள் தயாரிப்பது

இங்கே அவசரப்பட்டால் பின்னால் வரும் நேரக் கணக்கு எல்லாமே பொய்யாகிவிடும். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறிவிட்டு உட்கார்ந்து பத்துத் தாளையும் ஒரே மூச்சில் முடித்துவிடுவது நல்லது.

ஏ4 தாளில் 17.5 சென்டிமீட்டர் சதுரம் ஒன்று போடுங்கள். அதை 3.5 சென்டிமீட்டராக ஐந்துக்கு ஐந்து பிரியுங்கள். தாளின் அகலம் 21 சென்டிமீட்டர் ஆயிற்றே, இன்னும் பெரிதாகப் போடலாமே என்று தோன்றும். ஃபோட்டோஸ்டேட் எடுக்கும்போது இயந்திரம் ஓரத்தில் சில மில்லிமீட்டரை விழுங்கிவிடும்; ஓரக் கட்டத்து எண்ணுக்கு வால் அறுந்துபோகும். கோடுகள் பென்சிலில், மெல்லியதாக இருக்கட்டும். கோடு தடித்திருந்தால் கண் அதில் போய் ஒட்டிக்கொள்ளும்.

எண்ணின் உயரம் ஒன்றரை சென்டிமீட்டர். கறுப்பு மார்க்கர். எண் கட்டத்தின் நடுவில் நிற்க வேண்டும். பழைய மார்க்கரை எடுத்து 1, 2, 3 என்று வரிசையாக எழுதிக்கொண்டு போனால் இருபதுக்கு மேல் மை வெளிறிவிடும். பிறகு தேடுகிறவர் எண்ணைத் தேட மாட்டார், வெளிறியதைத் தேடுவார். அதனால் புது மார்க்கர் எடுங்கள், கட்ட வரிசையில் எழுதுங்கள். 1-க்கு மேலே கொக்கி போடுகிறவர்கள் 7-க்கு நடுவே ஒரு குறுக்குக்கோடு போட்டால் குழப்பம் வராது.

எண்களைக் கலைப்பதற்கு ஒரு வழி. மைலோ அட்டைப்பெட்டியை வெட்டி 25 துண்டு செய்து, ஒவ்வொன்றிலும் ஓர் எண் எழுதி (6-க்கும் 9-க்கும் கீழே கோடு போட மறக்காதீர்கள்), ஒரு மங்கில் போட்டுக் குலுக்குங்கள். பார்க்காமல் ஒவ்வொன்றாக எடுத்து, வந்த வரிசையிலேயே கட்டத்தில் நிரப்புங்கள். 7-ம் 8-ம் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தால் விழட்டும், மாற்றாதீர்கள். குலுக்காமல் மனத்திலிருந்து கலைத்து எழுதும்போது எல்லோரும் அடுத்தடுத்த எண்களைத் தூரத் தூர வைத்துவிடுகிறோம். தேடுகிறவரின் கண்ணும் நாலைந்து தாளுக்குள் அதைக் கண்டுபிடித்து, அடுத்த எண் பக்கத்தில் இருக்காது என்று பழகிக்கொள்ளும். அப்புறம் அது தேடல் இல்லை, தாள் எழுதியவரின் குணத்தைப் படிப்பது.

தாள்களின் பின்பக்கம் அ, ஆ, இ என்று அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு தாளை ஒரே நாளில் இரண்டு முறை எடுக்கக் கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை துண்டுகளை மறுபடி குலுக்கிப் புதுத் தாள்கள் எழுதுங்கள். ஒரே தாள் திரும்பத் திரும்ப வந்தால் இடங்கள் மனப்பாடமாகி நேரம் மளமளவென்று இறங்கும். அந்த இறக்கத்தைப் பார்த்து மகிழ்ந்துபோய்ப் பயிற்சியை நிறுத்துகிறவர்கள்தான் அதிகம்.

கைப்பேசிச் செயலிகள் ஒவ்வொரு முறையும் புதுக் கட்டம் தரும், அதில் குறையில்லை. ஆனால் திரையில் முழுக் கட்டமும் ஆறேழு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. தொடுகிற விரலின் நேரமும் கணக்கில் சேர்கிறது. செயலியில் எடுத்த நேரத்தைத் தாளில் எடுத்த நேரத்தோடு ஒப்பிடவே வேண்டாம்.

உட்காரும் முறை

முழங்கையை மேசை ஓரத்தில் ஊன்றி, கையை நெற்றிப் பக்கம் மடக்குங்கள். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை ஒரு முழம். ஏறக்குறைய 45 சென்டிமீட்டர். தாளுக்கும் கண்ணுக்கும் அந்த தூரம். பிள்ளைக்கு அதன் சொந்த முழம். தினமும் அதே தூரம் இருந்தால் போதும்.

நாற்பதைத் தாண்டியவர்கள் வாசிப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொள்ள வேண்டும். தூரமும் கிட்டவும் ஒரே கண்ணாடியில் இருப்பவர்களுக்குக் கிட்டப் பார்வைப் பகுதி கீழே இருக்கும். அவர்கள் தாளைச் சுவரில் ஒட்டாமல் மேசைமேல் படுக்க வைக்கட்டும். இல்லையென்றால் தலையைத் தூக்கித் தூக்கியே கழுத்து வலிக்கும். வெளிச்சம் ஜன்னல் பக்கத்திலிருந்து வருவது நல்லது. மஞ்சள் பல்புக்கு அடியில் செய்தால் தலையின் நிழல் நடுக் கட்டத்திலேயே விழும்.

நடுக் கட்டத்தையே பார்க்க வேண்டுமா?

நடு எண்ணை விட்டுக் கண்ணை எடுக்காமல் எல்லா எண்ணையும் பிடியுங்கள் என்று பல இடங்களில் சொல்கிறார்கள். பாதி உண்மை. கையை முழுசாக நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்திப் பாருங்கள்: அந்த விரலின் அகலத்துக்குத்தான் கண் கூர்மையாகப் பார்க்கும். ஒரு முழ தூரத்தில் அது ஒன்றரை சென்டிமீட்டர். நம் தாளில் ஓர் எண்ணின் உயரம், அவ்வளவே. அதற்கு வெளியே போகப் போகத் தெளிவு குறைவதோடு இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் உருவங்கள் ஒன்றையொன்று நெருக்கிக் கலங்கிவிடும். பார்வை மையத்திலிருந்து ஓர் எழுத்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அதில் ஏறக்குறைய பாதி தூரமாவது அதைச் சுற்றிக் காலியாக இருந்தால்தான் அது தனியாகத் தெரியும் என்று ஹெர்மன் பௌமா 1970-இல் காட்டினார். இரண்டு இலக்க எண்ணில் இரண்டு இலக்கமும் ஒட்டிக்கொண்டுதானே இருக்கின்றன? மேலே உள்ள கட்டத்தைப் பெரிய தாளில் எழுதி, நடுவில் உள்ள 13-ஐ விட்டுக் கண்ணை அசைக்காமல், இடது கீழ் மூலையில் இருப்பது 23-ஆ 25-ஆ 28-ஆ என்று சொல்லப் பாருங்கள். ஏதோ இருக்கிறது என்று தெரியும். என்ன எண் என்பது வராது.

ஆகவே நடுவிலிருந்து தொடங்குங்கள், ஆனால் கண்ணைக் கட்டிப்போடாதீர்கள். சின்னத் தாவல்களாக இருக்கட்டும். கண்ணை அசைக்காத பயிற்சி வேண்டுமானால் மூன்றுக்கு மூன்று கட்டத்தில், 1 முதல் 9 வரை மட்டும் வைத்து, தனியாகச் செய்யலாம். அங்கே அது முடியும்.

மாறாக, புதிதாகத் தொடங்குகிறவர்கள் புத்தகம் படிப்பதுபோல் மேல் வரிசையிலிருந்து இடம் வலமாகக் கீழே வருவார்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் மறுபடி மேலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இப்படித் தேடுகிறவரின் நேரம் ஓர் அளவுக்குக் கீழே இறங்காது.

ஐந்து தாள் கணக்கு

முதல் நாள் ஐந்து வெவ்வேறு தாள்களை அடுத்தடுத்துச் செய்து, ஒவ்வொன்றின் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக 52, 45, 44, 49, 50 விநாடி. கூட்டினால் 240, சராசரி 48.

முதல் தாளைச் சராசரியால் வகுத்தால் 52 ÷ 48 = 1.08. ஒன்றுக்கு மேல் என்றால் சூடு பிடிக்க நேரம் ஆகிறது என்று பொருள். நான்காம் தாளைச் சராசரியால் வகுத்தால் 49 ÷ 48 = 1.02. ஒன்றுக்கு மேல் என்றால் கடைசிப் பகுதியில் கவனம் தளர்கிறது. இந்த இரண்டு வகுத்தலும் சராசரியைவிட அதிகமாகப் பேசும். 40 விநாடியில் முடித்துவிட்டு நான்காம் தாளில் திணறுகிறவரைவிட, 50 விநாடியில் ஐந்தையும் ஒரே சீராக முடிக்கிறவருக்குக் கவனத் தாக்குப்பிடிப்பு கூடுதல்.

காலை ஆறு மணிக்குப் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள்கணக்கு எடுக்கும் இடம்) போய்விட்டு மதியம் திரும்புகிறவர்கள் சாப்பிட்ட கையோடு இதைச் செய்து பார்த்துவிட்டு, நான்காம் தாள் மோசம் என்று வருத்தப்பட வேண்டாம். குளித்து, கொஞ்சம் படுத்து எழுந்து, தினமும் அதே நேரத்தில் செய்தால்தான் நேற்றையும் இன்றையும் ஒப்பிட முடியும்.

எங்கே சிக்குகிறது

25-ஐயும் ஒரே நேரமாக அளக்காமல் 9, 19, 25 என மூன்று இடத்தில் பிரித்து அளந்து பாருங்கள். ஸ்டாப்வாட்ச்சில் 'லேப்' பொத்தானை அழுத்தினால் போதும். ஒன்பது வரை விறுவிறுவென்று போகும், ஏனென்றால் ஒற்றை இலக்கம் ஒல்லியாகத் தனித்துத் தெரியும். 10-லிருந்து 19 வரை இழுக்கும். 17-ஐத் தேடுகிறவர் '1'-ஐப் பிடித்துக்கொண்டு போனால் பத்துக் கட்டம் குறுக்கே வரும். '7'-ஐப் பிடித்துக்கொண்டு போனால் 7, 17 என்று இரண்டே கட்டம்தான். எந்த எண்ணை எடுத்தாலும் வலது இலக்கம் பொருந்துவது இரண்டு அல்லது மூன்று கட்டத்துக்கு மேல் போகாது. ஆகவே வலது இலக்கத்தைப் பிடியுங்கள். இந்த ஒன்றைச் சொல்லிக்கொடுத்தாலே நடுப் பகுதியின் நேரம் குறையும். நாலு நம்பர் குலுக்கலின் முடிவுத் தாளில் 23 எண்கள் இருக்கும். தன் நம்பரைத் தேடுகிறவர் நான்கு இலக்கத்தையும் வரிசையாக ஒப்பிட்டுக்கொண்டிருப்பதில்லை, ஓர் இலக்கம் பொருந்தாவிட்டால் தாண்டிப் போய்விடுவார். அதே வித்தைதான். (நம்பர் விழுவதற்கு இந்தப் பயிற்சி உதவாது.)

மேலே உள்ள கட்டத்தில் நான்காம் வரிசையைக் கவனியுங்கள்: 21, 10, 12. பத்தைப் பிடித்த கண் பதினொன்றுக்காக இரண்டாம் வரிசைக்கு ஏறி, பன்னிரண்டுக்காகத் திரும்ப இறங்கும்போது 21 முதலில் எதிர்ப்படும். அவசரத்தில் இருப்பவர் அதையே 12 என்று எடுத்துக்கொண்டு 13-க்குப் போய்விடுவார், தவறு நடந்ததே தெரியாமல். இந்த மாதிரித் தவறு நிறைய வந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று அர்த்தம்.

ஒரே எண்ணில் ஐந்து விநாடிக்கு மேல் நின்றுவிட்டால் அலையாதீர்கள். அந்த எண் பெரும்பாலும் கண் ஏற்கெனவே மிதித்துவிட்டுப் போன இடத்தில்தான் இருக்கும். ஒருமுறை கவனம் போய் வந்த இடத்துக்கு அது சற்று நேரம் திரும்பத் தயங்கும். போஸ்னர், கோஹன் என்ற ஆய்வாளர்கள் 1984-இல் விவரித்த இயல்பு இது. சாதாரணமாக இது நல்லதுதான், வீண் அலைச்சலைத் தடுக்கிறது. சரியாகப் படிக்காமல் தாண்டிய இடமானால் காலை வாரிவிடும். கண்ணை நடுவுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து மேல் இடது மூலை, மேல் வலது, கீழ் வலது, கீழ் இடது என்று கடிகாரச் சுற்றில் ஒருமுறை போய்வாருங்கள்.

வாயால் சொல்லிக்கொண்டே தேடுவதில் தப்பில்லை. ஆனால் எந்த மொழியில் எண்ணுகிறீர்களோ அதிலேயே கடைசிவரை எண்ணுங்கள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பத்துவரை தமிழில் எண்ணிவிட்டு, பிறகு மலாய்க்கோ ஆங்கிலத்துக்கோ தாவுவது சகஜம். தமிழில் 'பதின்மூன்று' என்றால் பத்து முதலில், மூன்று பிறகு. எழுதும் வரிசையும் அதுவே. மலாயில் 'தீகா பெலாஸ்', ஆங்கிலத்தில் 'தர்ட்டீன்', இரண்டிலும் மூன்றுதான் முன்னால் வரும். எது வசதியோ அது, நடுவில் மாற்றாமல்.

பிள்ளைகளிடம் இன்னொன்று பார்க்க வேண்டும். 17 கிடைக்கவில்லையென்றால் சத்தமில்லாமல் 18-க்குப் போய்விடுவார்கள். திட்ட வேண்டாம். ஒரு தாளுக்கு மூன்று தடவை, எந்த எண் என்று முன்கூட்டிச் சொல்லாமல், "எங்கே, காட்டு?" என்று கேட்டால் போதும். ஆறேழு வயதுப் பிள்ளைக்கு மூன்றுக்கு மூன்றில் தொடங்கி நான்குக்கு நான்குக்கு (1–16) போகலாம். பென்சிலின் மறுமுனையால் தொட்டுக் காட்டட்டும். தொட்டு எடுத்த நேரம் என்று நோட்டில் குறித்துவிட்டால் சரி. எண்ணுக்குப் பதில் அ முதல் ஔ வரை பன்னிரண்டு உயிரெழுத்தை மூன்றுக்கு நான்கு கட்டத்தில் போடுவது நன்றாக வேலை செய்யும். க், ங், ச், ஞ் என்று மெய்யெழுத்துக்குப் போவது வேண்டாம். 'ந்'-க்கு அடுத்து என்ன என்று யோசிப்பதிலேயே நேரம் போய்விடும். அளப்பது தேடலை இல்லை, எழுத்து வரிசை ஞாபகத்தை.

நாளொன்றுக்கு ஐந்து தாள், வாரத்துக்கு ஐந்து நாள். மொத்தம் பத்து நிமிடத்துக்குள் முடியும். அதற்கு மேல் இழுத்தால் கண் எரிவதுதான் மிச்சம். இரண்டாம் வாரத்தில் 25-லிருந்து 1-க்கு இறங்கு வரிசையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிவப்பும் கறுப்பும்

மூன்றாம் வாரம் கஷ்டமானது வரும். விமானிகளோடும் விண்வெளி வீரர்களோடும் வேலை செய்த சோவியத் உளவியலாளர் ஃபியோதோர் கோர்போவ், ஷுல்ட்டே கட்டத்தை ஏழுக்கு ஏழாக்கி இரண்டு நிறத்தைச் சேர்த்தார். 49 கட்டத்தில் கறுப்பில் 1 முதல் 25 வரை, சிவப்பில் 1 முதல் 24 வரை. அதே 17.5 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒவ்வொரு கட்டமும் 2.5 சென்டிமீட்டர் ஆகும். எண்ணின் உயரம் ஒரு சென்டிமீட்டர்.

முதலில் கறுப்பை மட்டும் 1-லிருந்து 25-க்கு ஏறுங்கள், நேரத்தைக் குறியுங்கள். அடுத்து சிவப்பை மட்டும் 24-லிருந்து 1-க்கு இறங்குங்கள். மூன்றாவதாக இரண்டையும் மாற்றி மாற்றி: கறுப்பு 1, சிவப்பு 24, கறுப்பு 2, சிவப்பு 23 என்று போய்க் கடைசியில் கறுப்பு 25. நடுவில் தடுமாறினால் சரிபார்க்க ஒரு வழி உண்டு: கறுப்பையும் அதற்கு அடுத்த சிவப்பையும் கூட்டினால் எப்போதும் 25 வரும். கறுப்பு 9 என்றால் அடுத்தது சிவப்பு 16.

கறுப்புக்கு 70 விநாடி, சிவப்புக்கு 80, மாற்றி மாற்றி 190 என்று வந்தால், 190-லிருந்து 150-ஐக் கழித்து வரும் 40 விநாடிதான் ஒரு கயிற்றிலிருந்து இன்னொரு கயிற்றுக்குத் தாவும் கூலி. இந்த வாரத்தில் கவனிக்க வேண்டியது அந்தக் கூலி குறைகிறதா என்பதை மட்டும்.

ஆண்களில் சிலருக்குச் சிவப்பு மங்கிக் கறுப்போடு கலந்து தெரியும், அவர்களே அறியாமல்கூட இருக்கலாம். ஒருவர் சிவப்பில் மட்டும் அளவுக்கு மீறித் திணறினால், சிவப்புக்குப் பதில் வெளிர் நீலத்தில் எழுதிப் பாருங்கள். நேரம் சட்டென்று இறங்கினால் குறை கவனத்தில் இல்லை, நிறத்தில். கண் மருத்துவரிடம் ஒருமுறை காட்டலாம்.

இரைச்சலும் இல்லாத எண்ணும்

தேர்ந்தெடுத்துக் கவனிப்பது என்றால், வேண்டாததை ஒதுக்குவதும் அதில் பாதி. நான்காம் வாரம் மின்னல் எஃப்.எம். வானொலியை மிதமான சத்தத்தில் போட்டுக்கொண்டு ஐந்து தாளைச் செய்யுங்கள். அதிகம் உதைப்பது பாட்டு இல்லை. மணி சொல்லும்போதும், தொலைபேசி எண் வாசிக்கும்போதும்தான் கை நழுவும். இன்னும் கடினமாக வேண்டுமென்றால் வீட்டில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கண்டபடி எண்களை வாசிக்கட்டும்.

வேறொரு தாள்: 25 கட்டத்தில் ஓர் எண்ணை எடுத்துவிட்டு, இன்னோர் எண்ணை இரண்டு முறை எழுதுங்கள். எது இல்லை, எது இரட்டை? இல்லாததை 'இல்லை' என்று உறுதியாகச் சொல்ல, இருப்பதைக் கண்டுபிடிப்பதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு தேட வேண்டும். இருந்தால் பாதி வழியில் எதிர்ப்படும், இல்லாவிட்டால் கடைசிக் கட்டம்வரை போக வேண்டும். அந்தக் கடைசிவரை போகும் பொறுமைதான் பலரிடம் இருப்பதில்லை.

எழுத்திலும் இதைச் செய்யலாம். பெஞ்சமின் பூர்டோன் என்ற பிரெஞ்சு உளவியலாளர் 1895-இலேயே அச்சிட்ட பக்கத்தில் குறிப்பிட்ட எழுத்துகளை அடிக்கச் சொல்லிக் கவனத்தை அளந்தார். மலேசிய நண்பன், மக்கள் ஓசை மாதிரி பழைய நாளிதழ் ஒன்றை எடுத்து, ஒரு பத்தியில் எல்லா 'ண'-வையும் அடியுங்கள். 'ண்', 'ணி', 'ணு' எல்லாம் சேர்த்தி. இரண்டு நிமிடம் போதும். இன்னொருவர் அதே பத்தியை மெதுவாகப் பார்த்து விட்டுப்போனவற்றை எண்ணட்டும். 'ன'-வை 'ண' என்று அடித்ததைத் தனியாக எண்ணுங்கள். விட்டுப்போனால் தேடல் அவசரம். தவறாக அடித்தால் ஒதுக்கும் வேலை சரியில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு: முன்னவர் நிதானிக்க வேண்டும், பின்னவர் ன, ண இரண்டும் மட்டும் கலந்த சின்னத் தாளில் தனியாகப் பழக வேண்டும். பத்தியின் கருத்தைப் படிக்கத் தொடங்கிவிட்டால் எழுத்து கண்ணில் படாது. அரசியல் செய்தியைவிட அறிவிப்புப் பக்கம் இதற்கு நல்லது.

தாளைவிட்டு வெளியே

ஆன் ட்ரெய்ஸ்மன், கேரி ஜெலேட் இருவரும் 1980-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கியது. தேடும் பொருள் ஒரே ஓர் அடையாளத்தால் மற்றவற்றிலிருந்து வேறுபட்டால், கூட்டம் எவ்வளவு இருந்தாலும் அது தானாகக் கண்ணில் குதிக்கும். இரண்டு அடையாளம் சேர்ந்தால்தான் தெரியும் என்றால், கூட்டம் பெருகப் பெருக நேரமும் பெருகும். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் கறுப்பு மோட்டார்சைக்கிள்களுக்கு நடுவே ஒரே ஒரு மஞ்சள் மோட்டார் உடனே தெரியும். உங்களுடையதும் கறுப்பு என்றால் 'ஏ'-வில் (பேராக் மாநில எழுத்து) தொடங்கும் எண்தகடுகளை ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். மோட்டாரின் பக்கக் கண்ணாடிக் கம்பியில் ஒரு மஞ்சள் நாடாவைக் கட்டிவிட்டால் தேடலே தேவைப்படாது.

எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டில் இரண்டு வகையும் உண்டு. காய்ந்த ஓலைக்கு நடுவே ஆரஞ்சு நிற உதிரிப்பழம் கிடப்பது முதல் வகை. குலை பழுத்ததா இல்லையா என்று பார்ப்பது இரண்டாவது: நிறமும் வேண்டும், பழம் உதிர்ந்த குழியும் வேண்டும். மலேசிய செம்பனை வாரியத்தின் தர விதிப்படி, பழுத்த குலையில் ஆலையில் பார்க்கும்போது குறைந்தது 10 பழம் புதிதாக உதிர்ந்த குழிகள் இருக்க வேண்டும். நிறத்தை மட்டும் பார்த்துக் குலையை இறக்கினால் காயும் சேர்ந்து இறங்குவது இதனால்தான்.

உதிரிப்பழம் பொறுக்குகிறவர்கள் வேலையோடு வேலையாக இதைச் செய்து பார்க்கலாம். மரத்தடியை வலப்புறமாக ஒரு சுற்றுச் சுற்றிப் பொறுக்குங்கள். முடிந்ததும், அதே மரத்தை இடப்புறமாக ஒரு சுற்று, மெதுவாக. பெரணிக்கு அடியில், ஓலை மட்டையின் பள்ளத்தில் தங்கியவை எதிர்த்திசையில் வரும்போது தெரியும். அந்த இரண்டாம் சுற்றில் கிடைத்தவற்றை மட்டும் தனியாக எண்ணுங்கள். நாளொன்றுக்குப் பத்து மரத்துக்கு மட்டும் இப்படி எண்ணி, வீட்டுக்கு வந்ததும் நோட்டில் அன்றைய ஐந்து தாள் நேரத்துக்குப் பக்கத்தில் அந்த எண்ணிக்கையையும் எழுதிவையுங்கள். மோட்டார் ஓட்டும்போது மட்டும் எந்தத் தேடலும் வேண்டாம்.